டிஸ்க் நிரம்பிவிட்டது என்று லினக்ஸ் சொன்னால்: எதையும் அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் எரர் இது. டேட்டாபேஸ் நின்றுபோகும், வெப்சைட் வெற்றுப் பக்கம் காட்டும், டெர்மினலில் டேப் கீயை அழுத்தினால் பெயரை நிரப்புவதற்குப் பதில் தற்காலிக ஃபைல் உருவாக்க முடியவில்லை என்று எரர் வரும். டெஸ்க்டாப் மெஷினாக இருந்தால், பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலைக்கூட எழுத முடியாமல்தான் அப்படி ஆகிறது. அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் லாகினுக்குப் போய்விடுங்கள். மற்ற வேலைகளை அங்கிருந்தே பார்க்கலாம்.

இந்த நிலையில் பலர் செய்வது, /வார்/லாக் ஃபோல்டருக்குள் போய்ப் பெரிதாகத் தெரிவதையெல்லாம் ஆர்எம் போட்டு அழிப்பது. அழித்த பிறகும் ஒரு எம்பிகூடக் காலியாகாது. ஏன் என்பது நான்காம் படியில்.

ஒரு குறிப்பு: கமாண்ட்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

படி 1: எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது?

டிஎஃப் -ஹெச்

இப்படி ஒரு வரி வரும்:

/டெவ்/எஸ்டிஏ2   40ஜி   38ஜி   0   100%   /

மொத்தம் 40, பயன்பட்டது 38, மிச்சம் பூஜ்யம். கணக்கு இடிக்கிறதா? காணாமல் போன 2 ஜிபி, இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் ரூட் யூசருக்கென்று (முழு அதிகாரம் உள்ள அட்மின் கணக்கு) ஒதுக்கிவைக்கும் 5 சதவீதம். டிஸ்க் நிரம்பினாலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய முடிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் சில நேரம் ரூட்டாக ஃபைல் எழுதினால் எழுதும், சாதாரண யூசராக எழுதினால் எரர் வரும். 'எனக்கு வேலை செய்கிறதே' என்று அட்மின் சொல்வதும், 'எங்களுக்குச் செய்யவில்லை' என்று மற்றவர்கள் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கும்.

லிஸ்டில் /டெவ்/லூப் என்று தொடங்கும் வரிகள் 100% காட்டினால் பயப்பட வேண்டாம். அவை ஸ்னாப் பேக்கேஜ்கள். எழுத முடியாத இமேஜ்கள் என்பதால் எப்போதும் முழுதாகத்தான் காட்டும். டிஎம்பிஎஃப்எஸ் என்று வருபவை டிஸ்க்கில் இல்லை, ராமில் இருக்கின்றன.

படி 2: இடம் இருக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லையா?

டிஎஃப் -ஐ

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு (அந்த ஃபைலின் விவரங்களை வைக்கும் பதிவு) வேண்டும். இஎக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்யும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16,384 பைட்டுக்கு ஒன்று. 40 ஜிபி டிஸ்க்குக்குச் சுமார் 26 லட்சம். அவை தீர்ந்தால், 20 ஜிபி காலியாக இருந்தாலும் ஒரு பைட் ஃபைல்கூட உருவாகாது. பிஹெச்பி செஷன் ஃபைல்கள், அனுப்பப்படாமல் குவிந்த மெயில்கள், கேஷ் துணுக்குகள், இவைதான் பெரும்பாலும் காரணம். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை அபூர்வம்.

எந்த ஃபோல்டரில் குவிந்திருக்கிறது என்று பார்க்க (சூடோ என்றால் ரூட் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்):

சூடோ டியு --ஐநோட்ஸ் -எக்ஸ்டி1 / | சார்ட் -என்

கடைசி வரிகளில் பெரிய எண்ணிக்கை இருக்கும். அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து மறுபடி ஓட்டி, படிப்படியாக உள்ளே இறங்குங்கள். கண்டுபிடித்த பிறகு ஆர்எம்முடன் நட்சத்திரக் குறி போட்டால், லட்சக்கணக்கான பெயர்களை ஒரே வரியில் தாங்க முடியாமல் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று திருப்பிவிடும். ஃபைண்ட்தான் வழி:

சூடோ ஃபைண்ட் /அந்த/ஃபோல்டர் -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -எம்டைம் +7 -பிரிண்ட்

இது வெறும் பட்டியல். சரியான ஃபைல்கள்தான் என்று கண்ணால் பார்த்த பிறகு, கடைசியில் இருக்கும் -பிரிண்ட்டை -டெலீட் என்று மாற்றுங்கள். -டெலீட் எப்போதும் வரியின் கடைசியில்தான் இருக்க வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் சோதிப்பதால், அது முன்னால் வந்துவிட்டால் நிபந்தனைகளைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

படி 3: இடத்தைத் தின்றது யார்?

சூடோ டியு -எக்ஸ்ஹெச்டி1 / | சார்ட் -ஹெச்

சூடோ இல்லாமல் ஓட்டினால் உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்கள் கணக்கில் வராது, குறைவாகக் காட்டும். எக்ஸ் என்ற எழுத்து, வேறு டிஸ்க்குகளுக்குள் போகாமல் இந்தப் பார்ட்டிஷனோடு நிறுத்துகிறது. என்சிடியு என்று ஒரு புரோகிராம் உண்டு. அம்புக்குறி கீகளால் உள்ளே போய்ப் பார்க்க வசதி. ஆனால் டிஸ்க் நிரம்பிய பிறகு அதை இன்ஸ்டால் செய்ய இடம் இருக்காது. முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

வழக்கமான குற்றவாளிகள் சிலர்தான்.

சிஸ்டம்டி ஜர்னல் (சிஸ்டத்தின் லாக் தொகுப்பு): அளவைப் பார்க்க ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ். குறைக்க முதலில் சூடோ ஜர்னல்சிடிஎல் --ரொடேட், பிறகு சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம். எம் பெரிய எழுத்து. வாக்யூம் பழைய, மூடப்பட்ட ஃபைல்களை மட்டுமே தொடும். அதனால்தான் ரொடேட் முதலில்.

பேக்கேஜ் கேஷ்: உபுண்டு, டெபியனில் சூடோ ஆப்ட் க்ளீன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, தைரியமாகச் செய்யலாம்.

/பூட்: இது தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பழைய கெர்னல்கள் சேர்ந்து நிரம்பும். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் கொடுங்கள். ஃபெடோரா வகைகளில் டிஎன்எஃப் வழக்கமாக மூன்று கெர்னல்களோடு நிறுத்திக்கொள்ளும். /பூட்டுக்குள் போய்க் கையால் ஃபைல்களை அழிக்காதீர்கள்: பேக்கேஜ் மேனேஜர் அவை இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்துவிட்டால் அடுத்த பூட்டில் மெஷின் எழாமலும் போகலாம்.

டாக்கர்: கன்டெய்னர்களின் லாக்குக்கு வழக்கமான ஜேசன் முறையில் அளவு வரம்பே கிடையாது. ஒரு கன்டெய்னர் விடாமல் எரர் கக்கினால் ஒரே லாக் ஃபைல் பல ஜிபிக்குப் போகும். டீமன்.ஜேசன் ஃபைலில் மேக்ஸ்-சைஸ் வைத்தாலும், அது அதற்குப் பிறகு உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் பொருந்தும்; பழையவற்றை மறுபடி உருவாக்க வேண்டும். டாக்கர் சிஸ்டம் ப்ரூன் இடத்தை மீட்டுத் தரும், ஆனால் நின்றிருக்கும் கன்டெய்னர்களையும் துடைத்துவிடும். அதோடு --வால்யூம்ஸ் சேர்க்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள், கன்டெய்னர்களின் டேட்டா இருக்கும் வால்யூம்களும் போகலாம். டாக்கர் தன் இமேஜ்களை வைக்கும் ஓவர்லே2 ஃபோல்டருக்குள் கையை விடவே வேண்டாம்.

டேட்டாபேஸ் ஃபோல்டரில் பெரிதாக ஏதாவது கண்டால் ஆர்எம் போடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் பின்லாக்குகளை (டேட்டா மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஃபைல்கள்) குறைக்க 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' என்று டேட்டாபேஸுக்குள்ளிருந்தே சொல்ல வேண்டும்.

டெஸ்க்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியவை ஹோமுக்குள் இருக்கும் .கேஷ் ஃபோல்டரும் .லோக்கல்/ஷேர்/ட்ராஷ் ஃபோல்டரும். ட்ராஷ் என்பதன் முதலெழுத்து பெரியது. குப்பைத்தொட்டியில் போட்டதெல்லாம் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது.

படி 4: டிஎஃப் 38 என்கிறது, டியு 20 என்கிறது. 18 ஜிபி எங்கே?

லாக் ஃபைலை அழித்தும் இடம் வராத மர்மம் இதுதான். லினக்ஸில் ஆர்எம் அழிப்பது பெயரை மட்டுமே. ஒரு ப்ராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது அப்படியே டிஸ்க்கில் இருக்கும். பெயர் இல்லாததால் டியு கண்ணில் படாது. இன்னும் எழுதிக்கொண்டும் இருக்கும்! யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்க:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

பிளஸ் குறிக்குப் பின்னால் வரும் எல் பெரிய எழுத்து. கிடைக்கும் வரி இப்படி இருக்கும். நடுவில் சில பத்திகளை விட்டிருக்கிறேன்:

ஜாவா   2147   7டபிள்யூ   19327352832   0   /வார்/லாக்/ஆப்/ஆப்.லாக் (டெலீட்டட்)

2147 என்பது ப்ராசஸ் எண். 7டபிள்யூ என்றால் 7 என்ற எண்ணுள்ள டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்கு அந்த ப்ராசஸுக்குள் இருக்கும் எண்), எழுதுவதற்காகத் திறந்தது. அடுத்து பைட்டில் அளவு. இது சரியாக 18 ஜிபி. அதையடுத்த பூஜ்யம், இந்த ஃபைலுக்குப் பெயரே மிச்சமில்லை என்கிறது.

நேரான தீர்வு, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. ப்ராசஸ் முடிந்ததும் ஃபைல் மூடப்பட்டு இடம் திரும்பிவிடும். மெஷினையே ரீபூட் செய்தாலும் வரும்; ஆனால் யார் தின்றது என்ற தடயம் போய்விடும், சில நாளில் அதே கதை மறுபடி தொடங்கும். இப்போதைக்கு நிறுத்தவே முடியாத சர்வீஸ் என்றால்:

சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/2147/எஃப்டி/7

ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பது காலியாகும். எண்களை மாற்றித் தட்டினால் வேறு ஃபைல் காலியாகிவிடும், எல்எஸ்ஓஎஃப் வரியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு என்டர் அழுத்துங்கள்.

ஆக, லாக் பெரிதாகிவிட்டது என்றால் ஆர்எம் வேண்டாம்; தொடக்கத்திலேயே ட்ரங்கேட் -எஸ் 0 கொடுத்து ஃபைல் பெயரைத் தட்டுங்கள். 'சூடோ' போட்டு > குறியால் காலி செய்யப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைட்' வரும், ஏனென்றால் அந்தக் குறியின் வேலையைச் செய்வது உங்கள் ஷெல், சூடோ இல்லை. இன்னொரு வினோதம்: புரோகிராம் அந்த ஃபைலை அப்பெண்ட் முறையில் திறக்காமல் விட்டிருந்தால், காலி செய்த பிறகும் பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். எல்எஸ் மறுபடி 18 ஜிபி என்று காட்டும். டியு கொடுத்துப் பாருங்கள், சில கேபிதான் இருக்கும். நடுவில் இருப்பது வெறும் ஓட்டை.

படி 5: எல்எஸ்ஓஎஃப்பிலும் ஒன்றும் இல்லையா?

அப்படியென்றால் மவுண்ட் பாயிண்டுக்கு, அதாவது இன்னொரு டிஸ்க்கை இணைக்கும் ஃபோல்டருக்கு, அடியில் பாருங்கள். /பேக்கப் என்ற ஃபோல்டரில் தனி டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டும். ஒருநாள் இரவு அது மவுண்ட் ஆகவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் ரூட் டிஸ்க்கிலேயே (/ இருக்கும் டிஸ்க்) எழுதிவிட்டது. மறுநாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் அதன் கீழே மறைந்துவிட்டன. மேலிருந்து எந்தக் கமாண்டுக்கும் தெரியாது. / என்ற ரூட் ஃபோல்டரை வேறொரு இடத்திலும் தெரியும்படி பைண்ட் செய்தால் தெரியும்:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ டியு -எக்ஸ்ஹெச்டி1 /எம்என்டி/பேக்கப்

வேலை முடிந்ததும் சூடோ யூமவுண்ட் /எம்என்டி. இந்தக் கமாண்டில் 'யூ'வுக்குப் பின் 'என்' எழுத்து கிடையாது, புதியவர்கள் பலர் இடறும் இடம். பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1 சேர்த்துவிட்டால் இது மறுபடி நடக்காது.

டிஸ்க் நிரம்பாமலே வரும் அதே எரர்

எல்லாப் பார்ட்டிஷனிலும் இடமும் ஐநோடும் இருக்கின்றன, ஆனாலும் ஏதோ ஒரு எடிட்டரோ டெவலப்மென்ட் சர்வரோ 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்கிறதா? தீர்ந்திருப்பது ஐநோட்டிஃபை வாட்ச்கள், அதாவது ஃபைல் மாற்றங்களைக் கவனிக்க ஒரு யூசருக்குக் கெர்னல் தரும் எண்ணிக்கை. கெர்னல் இதற்கும் அதே எரர் எண் 28-ஐத் திருப்புவதால் வருகிற குழப்பம் இது. /எட்சி/சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்ச்சஸ்=524288 என்று எழுதி, சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம் கொடுங்கள்.

இனி வராமல் இருக்க

/எட்சி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப் ஃபைலில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=200எம் வைத்து, சிஸ்டம்டி-ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிஸ்டம், மேக்ஸ், யூஸ் மூன்றின் முதலெழுத்தும், கடைசி எம்மும் பெரியவை. எதுவும் வைக்காவிட்டால் ஜர்னல் அந்த ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். சின்ன சர்வருக்கு அதுவே அதிகம்.

உங்கள் சொந்த ஆப் லாக்குகளுக்கு லாக்ரொடேட்டில் (லாக்குகளை அவ்வப்போது மாற்றி, பழையவற்றை நீக்கும் புரோகிராம்) ஒரு ஃபைல் எழுதுங்கள். ரொடேட் ஆனதும் ஃபைலை மறுபடி திறக்கத் தெரியாத புரோகிராம் என்றால் காப்பிட்ரங்கேட் என்ற வரி தேவை. இல்லாவிட்டால் நான்காம் படிக் கதைதான். காப்பி எடுக்கும் நொடியில் வருகிற சில வரிகள் தொலையலாம், அது அதன் விலை. சூடோ லாக்ரொடேட் -டி கொடுத்து அந்த ஃபைலின் பெயரைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் என்ன செய்யும் என்று சொல்லும்.

பெரிய டேட்டா டிஸ்க் என்றால் அந்த 5 சதவீத ஒதுக்கீடு வீண். 4 டிபியில் 200 ஜிபி சும்மா கிடக்கும். சூடோ ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 என்று கொடுத்து டிஸ்க் பெயரைச் சேர்த்தால் ஒரு சதவீதமாகக் குறையும். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்னத் தந்திரம். இன்றைக்கு இடம் இருக்கும்போதே சூடோ ஃபாலோகேட் -எல் 1ஜி /ரிசர்வ்.டம்மி என்று ஒரு காலி ஃபைலை உருவாக்கி வையுங்கள். 1-க்குப் பின் வரும் ஜி மட்டும் பெரிய எழுத்து. நள்ளிரவில் டிஸ்க் நிரம்பி எதுவும் ஓடாமல் நிற்கும்போது அந்த ஒரு ஃபைலை அழித்தால் உடனே ஒரு ஜிபி கிடைக்கும். சர்வீஸ்கள் எழுந்துவிடும், முதல் படியிலிருந்து நிதானமாகத் தொடங்கலாம். வேலை முடிந்ததும் அந்த ஃபைலை மறுபடி உருவாக்கி வைக்க மறக்காதீர்கள்.