ஓவன் இல்லாத சீஸ்கேக்கில் எது சொதப்புகிறது?

பண்டிகை விடுமுறை நெருங்கினால் போதும், ஓவன் தேவைப்படாத சீஸ்கேக் செய்முறைகள் இணையமெங்கும் வரிசைகட்டும். "பத்தே நிமிடத்தில் ரெடி" என்பார்கள். அதை நம்பி இறங்கியவர்கள் எனக்கு அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தால், எல்லாம் நான் ஒரு காலத்தில் செய்த சொதப்பல்களின் மறுபதிப்பு. பிஸ்கட்டைக் கரகரப்பாகப் பொடித்தது, சர்க்கரை தூக்கலாகப் போனது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு வாய் சாப்பிட்டாலே அதெல்லாம் தெரிந்துவிடும். சாப்பிட்ட பிறகும் காரணம் பிடிபடாத தவறுகள்தான் இங்கே.

சூடான ஜெலட்டினைக் குளிர்ந்த கலவையில் ஊற்றுவது

"அக்கா, ஃபில்லிங்ல நூல் நூலா என்னமோ வருது. சீஸ் கெட்டுப்போச்சா?"

சித்தி மகள் கேட்டது இது. கூடவே ஒரு போட்டோ: கரண்டி நிறைய வெள்ளை க்ரீம், அதன் விளிம்பில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒளி ஊடுருவும் இழைகள். விரலால் இழுத்தால் ரப்பராக நீள்கிறதாம். சீஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு க்ரீம் சீஸை அடித்து, அதில் கரைத்த ஜெலட்டினை ஒரே மூச்சில் கவிழ்த்திருக்கிறாள்.

ஜெலட்டின் என்பது கலவையை இறுக வைக்கும், விலங்கிலிருந்து எடுக்கும் பொருள். சூட்டில் கரையும், குளிரில் இறுகும். ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தக் குளிரோடு வந்த க்ரீம் சீஸில் விழுந்தால், நீங்கள் கலக்கி முடிக்கும்வரை அது காத்திருக்காது. விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். பிறகு கலவை முழுக்கத் தண்ணியாக இருக்கும், நடுநடுவே ரப்பர் இழை. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்தாலும் செட் ஆகாது, ஏனென்றால் செட் ஆக வேண்டியது எல்லாம் இழையாகத் திரண்டு ஓரங்கட்டிவிட்டது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். செய்முறையில் "ஜெலட்டினைக் கரைத்துச் சேர்க்கவும்" என்று ஒரே வரி. வீடியோ என்றால் சரியாக அந்த இடத்தில் கத்திரி போட்டிருப்பார்கள். மேலே தூவும் சாக்லேட் துருவலை மட்டும் அரை நிமிடம் காட்டுவார்கள். பொருட்களிலேயே விலை கூடியவை க்ரீம் சீஸும் விப்பிங் க்ரீமும்; வீணாவதும் அவையே.

க்ரீம் சீஸை முன்னதாகவே வெளியே எடுத்து, குளிர் போக விடுங்கள். ஜெலட்டின் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் பரவலாகத் தூவி 5 முதல் 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் வெளியே ஊறி, உள்ளே பொடியாகவே நிற்கும். ஊறியதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத் தெளியும்வரை கரையுங்கள். கொதிக்க விட வேண்டாம், இறுகும் வலு குறைந்துவிடும். வெதுவெதுப்புக்கு வந்ததும் சீஸ் கலவையில் இரண்டு மூன்று கரண்டி எடுத்து ஜெலட்டினில் போட்டுக் கலக்குங்கள். ஜெலட்டினைக் கலவையில் அல்ல, கலவையை ஜெலட்டினில். அப்புறம் அதைப் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஊற்றியபடியே அடியுங்கள். விப் செய்த க்ரீம் கடைசியில்தான்.

இழை விழுந்துவிட்டதா? விப் செய்த க்ரீம் இன்னும் சேரவில்லை என்றால் காப்பாற்றலாம். பாத்திரத்தை வெந்நீர் மேல் வைத்துக் கிளறினால் இழைகள் கரையும். வடிகட்டி, ஆறவிட்டுத் தொடருங்கள். க்ரீம் சேர்ந்த பிறகு சூடு காட்டினால் அடித்து ஏற்றிய காற்றெல்லாம் இறங்கிவிடும். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டி போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

ஜெலட்டினுக்குப் பதில் அதே அளவு அகர் அகர்

சைவமாக வேண்டுமென்று மாற்றுகிறார்கள்; நியாயம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு குணம். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் கொதித்தால்தான் முழுதாகக் கரையும். 35–40 டிகிரிக்கு வந்ததுமே இறுக ஆரம்பிக்கும், அதாவது ஃப்ரிட்ஜுக்குப் போகும் முன்பே. அறை வெப்பத்தில் இருக்கும் சீஸ்கூட அதற்குக் குளிர்தான். வலுவும் அதிகம், அதே அளவு போட்டால் கத்திக்கு எகிறும். அகர் அகரை வைத்தே எழுதிய செய்முறையைத் தேடுங்கள். இல்லையென்றால் கண்டென்ஸ்ட் மில்க்கும் எலுமிச்சைச் சாறும் சேரும் வகைக்குப் போய்விடுங்கள். புளிப்பில் பால் புரதம் தானே கெட்டியாகும். துண்டு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான்.

சமைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி

ஜெலட்டின் ஒரு புரதம். இந்தப் பழங்களில் புரதத்தை வெட்டிப்போடும் நொதிகள் இருக்கின்றன. அன்னாசியில் இருப்பது புரோமெலைன். மேலே அடுக்கினாலும் தொடும் இடம் இளகும். சில நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும். டின் பழம் ஏற்கெனவே சூடு கண்டது, பயமில்லை.

கொழுப்பு குறைந்த க்ரீம்

30 சதவீதத்துக்குக் கீழே என்றால் விப் ஆகாது. கையை ஒடித்துக்கொள்ளாதீர்கள்.

எந்த நாட்டு ஸ்பூன்?

ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பெரும்பாலான இடங்களில் 15. சர்க்கரையில் இது பெரிதாகத் தெரியாது. ஜெலட்டினில் மூன்றில் ஒரு பங்கு கூடினால் கேக் துள்ளும். கிராமில் எழுதிய செய்முறை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

பச்சை முட்டை, பச்சை மைதா

ஓவன் வேண்டாம் என்றால் கிருமி சாகவும் வழியில்லை. முட்டை சேர்ப்பதென்றால் பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடுகாட்டிக் கிருமி நீக்கிய முட்டையே எடுங்கள். பச்சை மைதா போடச் சொன்னால் வேறு செய்முறைக்குப் போய்விடுங்கள்.

ஃப்ரீசரில் அவசரம்

செட் ஆவது வேறு, ஐஸாக உறைவது வேறு. ஃப்ரீசரில் விறைத்து நின்றது மேசைக்கு வந்து உருகும்போது, ஜெலட்டின் இன்னும் பிடித்திருக்காது, ஓரமெல்லாம் வழியும். ஃப்ரிட்ஜில் குறைந்தது 6 மணி நேரம். விருந்தினர் மதியம் வருகிறார்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே செய்து மூடி வையுங்கள். மூடாமல் வைத்தால் பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையையும் சேர்த்துத்தான் பரிமாறுவீர்கள்.