திருமண நாளுக்கு செயின்ட் லூசியா: ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பத்தாவது திருமண நாளுக்கு நானும் கணவரும் கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியா தீவுக்குப் போனோம். போய் இறங்கிய அன்று சாயங்காலமே கடற்கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். விமானம் மூன்றரைக்கு இறங்கியது. குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹோட்டல் இருந்ததோ தீவின் வடக்கு முனையில். சூரியன் மறைந்தபோது நாங்கள் ஒரு வேனின் பின் சீட்டில் இருந்தோம். மலைப்பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் ஒரு கையால் ஜன்னலைத் திறந்து, இன்னொரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வரைபடத்தைப் பார்த்து, "43 கிலோமீட்டர் நீளம்தானே, எங்கே தங்கினால் என்ன" என்று நினைத்தது நாங்கள்தான். மூன்று வருடம் கழித்து மறுபடியும் போனபோது அந்தப் பயணம் வேறு மாதிரி அமைந்தது. இடையில் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் முக்கால்வாசி இரண்டு விஷயங்களில் இருக்கிறது. எந்த மாதம் போகிறீர்கள், தீவின் எந்தப் பக்கத்தில் தங்குகிறீர்கள். ஹோட்டல் படம், அறைக்குள் நீச்சல்குளம் இதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முகூர்த்த மாதமும் புயல் மாதமும்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம். செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்களில் புயல்கள் அதிகம் உருவாகும். இப்போது நம்முடைய காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஆடி முடிந்ததும் வரிசையாக வருகிற ஆவணி முகூர்த்தங்கள் அப்படியே அந்த உச்சத்துக்குள் விழுகின்றன. ஆவணியில் கல்யாணம் ஆனவர்கள், "அன்றைக்கே அங்கே இருக்க வேண்டும்" என்று பிடிவாதமாக டிக்கெட் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

ஐப்பசிக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். 2010 அக்டோபர் கடைசியில் டோமாஸ் புயல் செயின்ட் லூசியாவைத் தாக்கியது. மண் சரிந்து சாலைகள் அடைபட்டு, மேற்குக் கரையில் இருக்கும் சூஃப்ரியேர் பகுதி துண்டிக்கப்பட்டது. பருவத்தின் ஆரம்பம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2024-இல் ஜூலை 1-ஆம் தேதியே பெரில் புயல், தெற்கே கிரெனடாவைச் சேர்ந்த கரியகூ தீவை நொறுக்கிப் போட்டது.

செப்டம்பரில் தினமும் புயல் அடிக்கும் என்று சொல்லவில்லை. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாட்கள் நிறைய உண்டு, அறை வாடகையும் நன்றாக இறங்கியிருக்கும். ஆனால் பராமரிப்பு வேலைக்காகப் பல ஹோட்டல்கள் மூடுவதும் அப்போதுதான். ஆவணிதான் வேண்டும் என்றால் தீவை மாற்றிக்கொள்ளுங்கள். வெனிசுவேலா கரைக்குப் பக்கத்தில் இருக்கும் அரூபா, குராசாவ், பொனேர் மூன்றும் புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே, பெரும்பாலும் ஒதுங்கி இருக்கின்றன. மழையும் அங்கே குறைவு. இல்லை, செயின்ட் லூசியாதான் என்றால், கல்யாண நாளன்று வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடிவிட்டுப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

தை, மாசி கல்யாணம் என்றால் வானிலை கவலையே இல்லை. ஆனால் செலவு கையைக் கடிக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை விலை உச்சியில் இருக்கும், பிப்ரவரி 14 வாரத்தில் அறை கிடைப்பதே பாடு. எனக்குப் பிடித்தது மே மாதக் கடைசி, அதாவது வைகாசி. கூட்டம் வடிந்திருக்கும், மழை இன்னும் வலுக்காது. நாங்கள் இரண்டாவது முறை போனது அப்போதுதான்.

பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு, அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகப் பணம் தராது.

எந்தப் பக்கம்?

செயின்ட் லூசியாவில் இரண்டு விமான நிலையங்கள். டொராண்டோ, லண்டன், மியாமி என்று வெளியூரிலிருந்து வரும் பெரிய விமானங்கள் இறங்குவது தெற்கே வியூ ஃபோர்ட்டில் இருக்கும் ஹெவனோராவில். தலைநகர் கேஸ்ட்ரீஸ் பக்கத்தில் இருப்பது சின்னது, பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வரும் சிறிய விமானங்களுக்கானது. ஹோட்டல்கள் அதிகம் இருப்பதோ வடக்கே, ராட்னி பே பக்கம். ஹெவனோராவிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

தெற்கு விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத் தொலைவில் மேற்குக் கரையில் சூஃப்ரியேர் இருக்கிறது. பிட்டன் என்று சொல்லப்படும் இரட்டை மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்பது இங்கேதான். க்ரோ பிட்டன் 770 மீட்டர், பெட்டி பிட்டன் 743 மீட்டர். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். இரண்டாவது முறை முதல் நான்கு இரவு இங்கே தங்கினோம். விமானம் மூன்று மணிக்கு இறங்கியும், சூரியன் கடலைத் தொடும்போது மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மூன்று இரவு வடக்கே போனோம், பகலில், படகில்.

மேற்குக் கரை கரீபியன் கடல்: அலை குறைவு, அஸ்தமனம் அந்தப் பக்கம். கிழக்குக் கரை அட்லாண்டிக்: காற்றும் அலையும் அதிகம், நீந்துவதற்கு ஏற்றதில்லை. அறையின் பெயரில் "கடல் பார்த்த அறை" என்று இருந்தால் எந்தக் கடல் என்று கேளுங்கள். சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசியும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. 2011 முதல் கரீபியன் முழுவதும் பெரிய தலைவலியாக இருக்கிறது. கோடை மாதங்களில் கரையில் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகினால் முட்டை கெட்ட நாற்றம் அடிக்கும். மேற்குக் கரையில் இந்தத் தொல்லை குறைவு.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எரிமலைத் தீவு. சூஃப்ரியேர் பக்கத்துக் கடற்கரைகளில் மணல் கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். வெள்ளை மணல் போஸ்டரை மனதில் வைத்துக்கொண்டு போய் முகம் வாடிய தம்பதியைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கருமணல்தான் அழகு. ஆனால் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது, கொதிக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் தீவின் விசாவை மட்டும் பார்த்துவிட்டு, வழியில் மாறும் ஊரை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கா வழியாகப் போனால், வெளியே வராமல் அடுத்த விமானம் ஏறுவதாக இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். கனடாவிலும் இடைமாற்றத்துக்கு விசா உண்டு. லண்டன் வழி என்றால் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையம் மாறினாலே பிரிட்டனுக்குள் நுழைந்த கணக்குதான்.

வெயில், வெள்ளி, ஒரு விஷ மரம்

செயின்ட் லூசியா 14 டிகிரி வடக்கில் இருக்கிறது. சென்னை 13. வெயில் நமக்குப் பழகியதுதான். "நம்ம தோலுக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைப்பது இதனால்தான். ஆனால் சென்னையில் யாரும் பட்டப்பகலில் ஒன்றரை மணி நேரம் கடலில் குப்புற மிதப்பதில்லை. ஆன்ஸ் சாஸ்தனே கடற்கரையில் மீன் பார்க்கும் ஆசையில் என் கணவர் அதைத்தான் செய்தார். கரையிலிருந்து பத்தடி போனாலே பவளப்பாறை, கிளிமீன் கூட்டம், அவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. தண்ணீரின் குளிர்ச்சியில் முதுகு எரிவதும் தெரியவில்லை. அன்று இரவு அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கற்றாழை ஜெல்லை ஈரத் துணியில் தடவிப் போட்டுக்கொண்டே விடியவைத்தேன். நீச்சலுக்கென்று இருக்கும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அந்தப் பவளப்பாறைகளுக்கும் அதுதான் நல்லது, சன்ஸ்கிரீன் குறைவாகக் கரையும்.

அடுத்தது நம் பெண்களுக்கு மட்டும். சூஃப்ரியேரில் கந்தக ஊற்று இருக்கிறது. எரிமலை வாய்க்குப் பக்கம் வரை வண்டியிலேயே போகலாம், அப்புறம் சூடான சேற்றைப் பூசிக்கொண்டு வெந்நீரில் குளிக்கலாம். தம்பதிகள் தவறவிடக் கூடாத இடம். ஆனால் கொலுசு, மெட்டி, வெள்ளி எது இருந்தாலும் ஹோட்டலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நான் மெட்டியோடு இறங்கினேன். ஏறி வரும்போது இரண்டும் கரித்துண்டு மாதிரி ஆகியிருந்தன. கைப்பையில் இருந்த விபூதியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓரளவு வெளுத்தது. கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். வெளிர் நிற உடையும் வேண்டாம், கறை போகாது. தாலிச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவதையும் யோசித்துச் செய்யுங்கள். தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவது சகஜம், சங்கிலியின் கொக்கியை அலை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

கடற்கரையில் மரநிழல் தேடுகிறவர்கள் மான்சினீல் மரத்தை அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பச்சை ஆப்பிள் போல மணமான காய்கள் மணலில் உதிர்ந்து கிடக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகிவிடும். பால் பட்ட இடம் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று படகோட்டிகள் எச்சரிப்பார்களே, இது அதே குடும்பத்து மரம்தான். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், பலகையும் இருக்கும். எங்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பணமும் தட்டும்

இங்கே நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. "நூறு டாலர்" என்றால் எந்த டாலர் என்று ஏறும் முன்பே கேளுங்கள். நூறு உள்ளூர் டாலர் என்பது 37 அமெரிக்க டாலர்தான். சாப்பாட்டு பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

சாப்பாடு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் பாதுகாப்பாகத் தோன்றும். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்கள், மது தொடாதவர்கள் அந்தப் பணத்தில் பாதியை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து. காலை உணவு மட்டும் சேர்ந்த அறை எடுத்துக்கொண்டு வெளியே சாப்பிடலாம். கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய ரொட்டி கிடைக்கும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இந்தத் தீவுகளுக்குக் கொடுத்த உணவு அது. செயின்ட் லூசியாவுக்கு அவர்களின் முதல் கப்பல் 1859-இல் வந்தது. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேசிய உணவான "கிரீன் ஃபிக் அண்ட் சால்ட்ஃபிஷ்" தட்டில் அத்திக்காய் இருக்காது, இருப்பது வாழைக்காய். கூடவே கருவாடு மாதிரி உப்பிட்டுக் காயவைத்த மீன். சேப்பங்கிழங்கு இலையில் செய்யும் கலலூ சூப் பச்சையாக, கீரைக் கடைசல் போல இருக்கும். அதில் நண்டோ உப்பிட்ட பன்றி இறைச்சியோ பெரும்பாலும் சேரும். "இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். முதலில் "குட் மார்னிங்". அது இல்லாமல் பேச ஆரம்பிப்பது அங்கே மரியாதைக் குறைவு. இருட்டிய பிறகு "குட் நைட்" என்று வரவேற்றால் விடைகொடுக்கிறார்கள் என்று திரும்பிவிடாதீர்கள், அங்கே அது வணக்கம். ராணுவச் சீருடை மாதிரித் திட்டுத் திட்டாக இருக்கும் (கேமோஃபிளாஜ்) உடை சட்டப்படி தடை. தொப்பியாக இருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிப்பது

ஏழு நாளில் மூன்று தீவு, தினம் இரண்டு சுற்றுலா என்று போடுகிறவர்கள், தாங்கள் பேசிக்கொள்ள வந்த இருவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். க்ரோ பிட்டன் ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அதைக் கல்யாண நாளன்று வைக்காதீர்கள், மறுநாள் கால் நகராது. பெரிய சுற்றுலாக் கப்பல் கேஸ்ட்ரீஸில் நிற்கும் நாட்களில் கந்தக ஊற்றில் கூட்டம் அலைமோதும். ஹோட்டல் வரவேற்பில் கப்பல் வரும் நாட்களைக் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

கடற்கரையில் இருவருக்கு மட்டும் மேசை போட்டுத் தரும் இரவு உணவு வேண்டுமென்றால், அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு இரவுக்கு இரண்டு மூன்று மேசைதான் போடுவார்கள். அங்கே சூரியன் மறைந்தால் மளமளவென்று இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்துவிடும், ஜூனில் ஆறரை. அதற்கு முக்கால் மணி முன்பே உட்காரும்படி நேரம் கேளுங்கள்.

கடைசி நாள் வடக்கே இருந்தால், விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள். வண்டி நடு மலைத்தொடரைத் தாண்டி, கிழக்குக் கரையில் டென்னரி, மிகூ வழியாகத் தெற்கே இறங்கும். குமட்டல் வருகிறவர் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, ஓட்டுநரிடம் சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.