முகூர்த்த நேரத்தில் காலை வாரும் கேமரா செட்டிங்குகள்

கல்யாண வேலைக்காக மிரர்லெஸ் கேமரா வாங்கும் பலர், பெட்டியைப் பிரித்த அன்றே யூடியூபில் யாரோ காட்டிய செட்டப்பை அப்படியே தங்கள் கேமராவில் ஏற்றிவிடுகிறார்கள். காட்டியவர் பறவைகளை எடுப்பவராக இருக்கலாம், வீடியோ மட்டுமே எடுப்பவராகவும் இருக்கலாம். அவர் கைக்குப் பழகிய பட்டனை, கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் உங்கள் விரல் தேடிக்கொண்டிருக்கும்.

முதல் சில நிகழ்ச்சிகளைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே எடுங்கள். எதற்காகவெல்லாம் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்து மெனுவுக்குள் போக வேண்டியிருந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவைதான் பட்டனுக்குத் தகுதியானவை. கல்யாண வேலையில் அது பெரும்பாலும் ஃபோகஸ் ஏரியா, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), கண்ணைத் தேடும் ஃபோகஸ் என்று நாலைந்தில் முடிந்துவிடும். மண்டபத்துக்கு மண்டபம் மட்டுமே மாறுகிற ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்ற சரிக்கட்டல்) போன்றவற்றை, ஒரே அழுத்தில் திறக்கும் சோனியின் எஃப்என் மெனுவிலோ நிகானின் ஐ மெனுவிலோ வைத்தால் போதும். இரண்டிலும் 12 இடங்கள் இருக்கின்றன. அப்புறம், இரண்டு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எடுப்பவர்கள் இரண்டிலும் பட்டன்களை ஒரே மாதிரி வைக்க வேண்டும். டயல் சுற்றும் திசைக்கும் இது பொருந்தும்.

கேமராவின் பின்பக்கம் இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனில் ஃபோகஸ் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸை நீக்காமல் பின்பட்டனையும் பயன்படுத்தினால், நீங்கள் ஒரு இடத்தில் நிறுத்திய ஃபோகஸை ஷட்டர் மறுபடி நகர்த்திவிடும். நீக்கிவிட்டால் இன்னொரு சிக்கல்: உதவிக்கு வந்த தம்பியிடம் கேமராவைக் கொடுக்கும்போது சொல்லாமல் விட்டால், அவர் எடுத்ததில் பாதி மங்கலாக வரும்.

பெரிய குழப்பம், செட்டிங்குகளை மொத்தமாகச் சேமித்து வேண்டும்போது கூப்பிட டயலில் இருக்கும் சி1, யூ1 போன்ற சேமிப்பு மோட்களில்தான். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இவை நடந்துகொள்ளும் விதம் வேறு. கேனானில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து வைத்திருந்தால், சி1-ல் இருந்தபடி நீங்கள் ஏற்றிய ஐஎஸ்ஓ, கேமராவை அணைத்து எழுப்பியதும் சேமித்த அளவுக்கே திரும்பிவிடும். அதை இயக்கி வைத்திருந்தால் நேர்மாறு. அவசரத்தில் மாற்றியது அப்படியே பதிவாகி, நிதானமாக உட்கார்ந்து சேமித்தது போய்விடும். ஃபியூஜிஃபிலிமின் புதிய மாடல்களிலும் இதே தேர்வு இருக்கிறது. நிகான் இசட்6 வைத்திருந்தவர் இசட்8-க்கு மாறினால் யூ1 என்பதே இருக்காது. அதற்குப் பதில், செட்டிங்குகளைத் தொகுப்பாக வைக்கும் மெனு பேங்க் இருக்கும். யூ1 பழைய நிலைக்குத் திரும்பும். பேங்க் கடைசியாக மாற்றியதையே பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலும் நீட்டித்த பேங்க் என்ற தேர்வை இயக்காவிட்டால் ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் சேமிப்பில் சேராது. சோனியில் டயலின் 1, 2, 3 படமெடுக்கும் செட்டிங்குகளை நினைவில் வைக்கும், பட்டன் ஒதுக்கீடுகளை வைக்காது. என்னைக் கேட்டால், தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுவதே நல்லது. எவ்வளவு குழம்பினாலும் டயலை ஒரு தடவை திருப்பினால் தெரிந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

அட்சதை விழும் அந்தச் சில நொடிகளுக்கு மோட் மாற்றவே தேவையில்லை. சோனி ஏ7 மார்க் 4, நிகான் இசட்8 போன்றவற்றில், ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் வேறு ஷட்டர் வேகத்துக்கும் ஃபோகஸ் முறைக்கும் மாறும்படி வைக்கலாம். விட்டால் பழையபடி ஆகிவிடும். இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலரும் தொடுவதே இல்லை.

சைலன்ட் மோடை எளிதில் கைபடும் பட்டனில் வைக்காதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அது எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றிவிடும், ஃப்ளாஷும் அடிக்காது. ஃப்ளாஷ் பழுதாகிவிட்டது என்று பதறி பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்போம். இன்னொரு தொல்லை கோடுகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேராக ஓடும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படிப்பு மெதுவாக இருக்கும் கேமராவில் மணமகள் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். அதைப் பின்னால் எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. இத்தகைய விளக்குகளில் 1/50 அல்லது 1/100 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் மெக்கானிக்கல் ஷட்டரோடு, விளக்கின் மினுக்கத்தைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் குறைப்பையும் இயக்குங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி அலங்காரம் வேறு கதை. அது இன்னும் வேகமாக மினுக்கும் என்பதால் 1/100 கைகொடுக்காமல் போகலாம். மண்டபத்துக்குப் போனதும் காலி மேடையைச் சில வேகங்களில் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும்.

படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுக்கும் முன்பே திரையில் காட்டும் எக்ஸ்போஷர் முன்னோட்டத்துக்கு ஒரு பட்டன் கட்டாயம் கொடுங்கள். குடும்பப் படத்துக்கு ஃப்ளாஷ் வைத்து எஃப்/8, 1/160, ஐஎஸ்ஓ 100 என்று போனால் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும், முன்னோட்டத்தை அணைத்துத்தான் ஆக வேண்டும். திரும்ப இயக்க மறந்து வெளிச்சத்துக்கு வந்தால், திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், கார்டில் வெளுத்துப்போன படங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

கார்டு இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் செட்டிங்கை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஒரே கல்யாணத்தை எடுக்கும் எல்லா கேமராக்களின் நேரத்தையும் காலையிலேயே ஒன்றாக வையுங்கள், ஆல்பம் அடுக்குபவர் உங்களை வாழ்த்துவார். வீடியோவுக்கு லாக் (பின்னால் நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய நிறத்தில் பதிவுசெய்யும் முறை) வைப்பவர்கள் ஸ்டில்லுக்குத் தனி அமைப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜேபெக் எடுப்பவருக்கு அது ஒட்டிக்கொண்டால் படமெல்லாம் சாம்பல் பூத்துப்போகும்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு சேமித்து வைக்காமல் விடுவதும் தவறுதான். சர்வீஸுக்குப் போய்வரும் கேமரா எல்லாம் அழிந்து புதிதாகத் திரும்பக்கூடும். சோனி, கேனான், நிகான் மூன்றிலும் செட்டிங்குகளைக் கார்டில் எழுதும் வசதி உண்டு. ஆனால் கார்டை ஃபார்மட் செய்தால் அந்தக் கோப்பும் போய்விடும் என்பதால் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வேண்டும். பொதுவாக அதே மாடல் கேமராவில்தான் அது ஏறும். நிகானில் கோப்பின் பெயரை மாற்றினால் கேமரா அதை அடையாளம் காணாது. அதனால் தேதி எழுத வேண்டுமென்றால் கோப்பை வைக்கும் ஃபோல்டரின் பெயரில் எழுதுங்கள்.