அல்வாவும் லஞ்சம்தான்

அப்பா காலமான பிறகு வயல் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்ற அலைந்தோம். மூன்றாம் தடவை போகும்போது அம்மா திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி அரைக் கிலோ அல்வா வாங்கினாள். டப்பாவுக்கு அடியில் மடித்த ஒரு கவர். "எல்லாரும் குடுக்கதுதானல, பேசாம வா" என்றாள். நானும் பேசாமல்தான் போனேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அல்வா வெறும் மரியாதை என்று நினைத்தது முதல் தவறு. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் ரொக்கத்தை மட்டும் லஞ்சம் என்று சொல்லவில்லை. சம்பளத்துக்கு மேல், செய்ய வேண்டிய வேலைக்காக வாங்கும் எந்தப் பலனும் அதில் அடங்கும். வாங்குபவருக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். புரோக்கர் கையில் கொடுத்தாலும் இதே கதைதான்.

கொடுத்துவிட்டோமே, இனி வாய் திறந்தால் நாமும் மாட்டுவோம் என்று ஒடுங்கிப் போவது அடுத்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவர் குற்றவாளி இல்லை. இது தெரியாமலே ஊரில் எத்தனையோ பேர் மனதுக்குள் புழுங்குகிறார்கள்.

பெரிய தவறு, லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வைக்கும் பொறியைக் கெடுப்பது. லஞ்சம் கேட்டவரின் பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் அவர் உஷாராகிவிடுவார். முதலில் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அதில் பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். சரி, கை சிவந்தால் மட்டும் போதுமா? போதாது. அவர் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். அதனால் அவசரப்பட்டு நீங்களாகப் பணத்தை நீட்டாதீர்கள். அவர் வாயாலேயே கேட்கட்டும். எந்தத் தேதி, என்ன சொல் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம், கோப்பு ஏன் நகரவில்லை என்று வாயாலேயே கேட்டுக்கொண்டிருப்பது. 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது? 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு சித்திக்கு வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டபோது அந்த மனுவை நானே எழுதினேன். கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. அல்வாவை வீட்டுக்குத்தான் வாங்கிப் போனோம்.