இரண்டு லிபி, ஒரே கை: எல்லையோர ஊர்களில் லோகோத் தொழில் செய்வது எப்படி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்கோ, கோவிந்தாபுரம் தாண்டி முதலமடைக்கோ போகும்போது கடைப் பலகைகளைச் சற்று நின்று பாருங்கள். தமிழ்ப் பெயரை யாரோ பொறுப்பாக வரைந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் மலையாளப் பெயர், கணினியில் கைக்குக் கிடைத்த எழுத்துருவில் தட்டி ஒட்டியதாக இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் உள்ளே போகப் போக இது தலைகீழாகும். இந்த வட்டாரத்தில் லோகோ, எழுத்து வடிவமைப்பு என்று தொழில் தொடங்குபவருக்கு வேலை இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் நேர்த்தியாக லோகோ செய்ய கோவையிலும் கொச்சியிலும் ஆள் ஏராளம். தமிழையும் மலையாளத்தையும் ஒரே கை எழுதியதுபோல நிறுத்தத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கையிலிருந்து தொடங்குங்கள்

மென்பொருளைத் திறக்குமுன் ஆறு மாதம் தாளில் எழுதுங்கள். வேண்டியவை: 5 மி.மீ. கட்டத் தாள், 2பி பென்சில், 6 மி.மீ. பட்டை நிப் பேனா. நான்கு கோடு போடுங்கள். எழுத்தின் உடலுக்கு 8 கட்டம், புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் மேலே 3, மு, கூ போன்றவற்றின் வாலுக்குக் கீழே 4. அகர வரிசையில் எழுதிப் பழகினால் ஒன்றும் ஒட்டாது. முதலில் ப, அதன் மூலைகளைத் தீர்மானித்தால் ட, ம, ய, ழ நான்கும் அதிலிருந்தே பிறக்கும். பிறகு க, ச, த. மூன்றுக்கும் தலைக்கட்டு ஒன்றுதான். அடுத்து ன, ண, ள ஆகியவற்றின் சுழிகள். அ, இ, ஐ, ஸ்ரீ கடைசியில்.

தவறு வழக்கமாக வரும் இடங்கள் மூன்று. ஒன்று, ர-வும் நெடில் காலும். இரண்டையும் ஒரே மாதிரி வரைந்தால் 'காரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கண் திணறும். ர-வின் காலைக் கீழே தெளிவாக இழுத்து விடுங்கள். இரண்டு, வட்ட எழுத்துகள். வ-வும் ன-வும் ப-வின் அதே உயரத்தில் இருந்தால் கண்ணுக்குக் குள்ளமாகத் தெரியும். கோட்டைத் தாண்டி 1 முதல் 2 சதவீதம் நீட்ட வேண்டும். மூன்று, புள்ளி. திரையில் அழகாக இருக்கட்டும் என்று சின்னதாக வைப்பார்கள். சாக்கில் அடிக்கும்போது அது காணாமல் போகும். கோட்டின் தடிமனைவிடப் புள்ளியின் விட்டம் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கட்டும்.

பழைய பாணி வேண்டும் என்று கேட்பவர்கள், ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல வளைந்து எழுத்தோடு ஒட்டி நிற்கும் பழைய 'லை', 'னை' கேட்பார்கள். 1978-ல் அரசாணை மூலம் அந்த வடிவங்கள் மாறிவிட்டன. லேபிளின் ஓரத்தில் அலங்காரமாக வைக்கலாம். கடைப் பெயருக்குள்ளேயே அது வந்தால் பள்ளிக்கூடப் பையன் தடுமாறுவான், வேண்டாம்.

மலையாளத்துக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. 1971-ல் கேரள அரசு லிபியைச் சீர்திருத்தி, எழுத்தோடு ஒட்டியிருந்த உகரக் குறிகளைப் பிரித்து, கூட்டெழுத்துகளைக் குறைத்தது. பழைய லிபியை விரும்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எந்த லிபி என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரசனா, மஞ்சரி ஆகிய இலவச எழுத்துருக்கள் பழைய லிபியில் இருக்கின்றன; வடிவம் பார்க்க அவற்றை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் காதால் கேளுங்கள்

லிபி மாற்றத்தில் எழுத்துக்கு எழுத்து வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'பாரதி' என்று தமிழில் எழுதுவதை மலையாளத்தில் அதே ப வைத்து எழுதினால் அங்குள்ளவர் வேறு சொல்லாகப் படிப்பார். அவர்களுக்கு அந்த ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. க, ச, ட, த, ப ஐந்திலும் இந்த வம்பு இருக்கிறது. ழ மலையாளத்தில் உண்டு, தெலுங்கில் கிடையாது. ஆகவே 'நிழல்', 'வாழை' போன்ற சொற்கள் கேரளத்துக்குச் சுகமாகப் போகும். ஆந்திரத்தில் நகரி, புத்தூர் பக்கம் போனால் ழ வேறொன்றாகிவிடும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால், இதைச் சொல்லும் நேரம் அதுதான். மறுபக்க மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் ஒவ்வொரு பெயரையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஒரு தொகை கொடுங்கள், அதை விலைப்பட்டியலிலும் எழுதுங்கள். ஓசியில் கேட்டால் 'சரியா இருக்கு' என்பதற்கு மேல் பதில் வராது.

இரண்டு லிபியையும் சேர்ப்பது

ஒரே புள்ளி அளவில் இரண்டையும் வைத்தால் ஒன்று பெரிதாகத் தெரியும். மலையாளம் வட்டமாகச் சுழலும். தமிழுக்கு ப, ட, ம என்று நேர்க்கோடும் மூலையும் அதிகம். இரண்டையும் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எது கறுப்பாகத் தெரிகிறதோ அதன் கோட்டை மெலியுங்கள். உயரத்தைத் தொடுவது அதற்குப் பிறகு. தமிழின் மூலைகளை லேசாக உருட்டினால் மலையாளத்தோடு உறவு வந்துவிடும். மலையாளத்தைச் சதுரமாக்கினால் அவர்களால் படிக்க முடியாது.

தொடக்கத்துக்கு ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு செய்த அனேக் எழுத்துருக் குடும்பம் உதவும். அனேக் தமிழ், அனேக் மலையாளம், அனேக் தெலுங்கு மூன்றும் ஒரே தடிமன் வரிசையில் வரும். அவர்களுடைய பலூ குடும்பத்தில் தமிழ் எழுத்துருவுக்குப் பெயர் 'தம்பி', மலையாளத்துக்கு 'சேட்டன்' (அண்ணன்), தெலுங்குக்கு 'தம்முடு' (தம்பி). யார் அண்ணன் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்! இவை திறந்த உரிமத்தில் வருபவை, லோகோவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அப்படியே வைக்காதீர்கள். நாளை பக்கத்துக் கடைக்காரர் அதே எழுத்துருவைத் தட்டினால் உங்கள் லோகோ அவருக்கும் லோகோ.

ஆந்திர எல்லையில் வேலை செய்தால் சிக்கல் வேறு. (அங்கும் ஒரு சித்தூர், பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், கூரியர் முகவரியில் மாநிலத்தை எழுத மறக்காதீர்கள்.) தெலுங்கின் ஒத்தெழுத்துகள் (கூட்டெழுத்தில் வரும் இரண்டாம் மெய்) கீழே தொங்கும், தமிழின் புள்ளி மேலே நிற்கும். தெலுங்கு மேல் வரியிலும் தமிழ் கீழ் வரியிலும் வந்தால் இரண்டும் இடித்துக்கொள்ளும். உடல் உயரத்தில் 60 சதவீதமாவது வரி இடைவெளி விடுங்கள், அல்லது தமிழை மேலே கொண்டுபோங்கள்.

வரிசை என்றதும் ஒரு விதி. தமிழ்நாட்டுப் பக்கம் கடைப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. கேரளக் கிளைக்கு மலையாளம் மேலே வேண்டும் என்பார்கள். எனவே ஒரே லோகோவுக்கு இரண்டு அடுக்குமுறையை முதலிலேயே செய்து கொடுங்கள். பலகை ஏறிய பிறகு மாற்றுவது என்றால் அடிப்பவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் கெட்ட பெயர்.

சாக்கில் நிற்கிறதா பாருங்கள்

ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் பாட்டில் லேபிள், பவுச், அட்டைப்பெட்டி, புண்ணாக்குச் சாக்கு, வேன் கதவு, பில் புக், ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் வட்டம் என்று எட்டு இடத்தில் உட்காரும். லோகோ தோற்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அட்டைப்பெட்டியில் ரப்பர், பாலிமர் பிளேட் அடிக்கும்போது மை பரவும். ஒரு மி.மீ.க்குக் குறைந்த இடைவெளி அடைத்துக்கொள்ளும்; ண, ஐ இரண்டின் உட்சுழிகள் முதலில் போகும். இதற்கென்று சுழியைத் திறந்துவிட்ட 'பெட்டி வடிவம்' ஒன்று தனியாக வரையுங்கள். தகட்டில் வெட்டிச் சாக்கில் அடிப்பதானால் மூடிய வட்டங்களின் நடுப்பகுதி கழன்று விழும், அதைத் தகட்டோடு பிடித்து வைக்கச் சிறு பாலம் விட வேண்டும். சட்டையில் தையல் போடுவதற்கு எழுத்து உடல் 5 மி.மீ.க்குக் குறைந்தால் நூல் குழைந்துவிடும். உள்ளே விளக்கெரியும் அக்ரிலிக் எழுத்தில் கோட்டின் அகலம் ஒரு அங்குலத்துக்குக் கீழே போனால் எல்இடி மாட்யூல் உட்காரச் சிரமப்படும். அதே பலகையில் தமிழ்ப் புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டு. பசை மட்டும் போட்டால் வெயிலில் விட்டுவிடும். 'பால்' என்ற பலகை 'பால' ஆகிவிடும். புள்ளிக்கும் ஆணி அடிக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

லேபிள் என்றால் உங்கள் பொறுப்பு லோகோவோடு முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண், சைவக் குறியான பச்சை வட்டம் இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். முகப்பின் பரப்பு 100 ச.செ.மீ. வரை என்றால் அந்த வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் நீண்ட கூந்தல் படம் போடலாமா என்று முதலாளியிடம் கேட்காமல் போடாதீர்கள். சின்னப் பாட்டிலில் வரும் எண்ணெய் சமையல் எண்ணெயா கூந்தல் எண்ணெயா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 டிசம்பரில்தான் முடிந்தது. பாட்டில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பதும் அதில் ஒரு கேள்வி.

கோப்பு கொடுக்கும் ஒழுங்கு

நம் ஊர் அச்சகங்களில் வரைகலை மென்பொருள் என்றால் கோரல்டிராதான் அதிகம், அதிலும் பழைய பதிப்பு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களே அங்கே புழக்கம்: தமிழ் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும், மலையாளம் எம்எல்-டிடியில் இருக்கும். யூனிகோடில் தட்டியதை அப்படியே அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி, சொல் சிதைந்து வரும். ஆகவே எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப், எஸ்விஜி, பழைய பதிப்பில் சேமித்த சிடிஆர் மூன்றும் கொடுங்கள். கூடவே முழுக் கறுப்பில் ஒன்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒன்று, வட்டத்துக்குள் அடங்கும் சுருக்க வடிவம் ஒன்று. நிறத்துக்கு நான்கு மை (சிஎம்ஒய்கே) எண்களோடு வினைல் மாதிரிப் புத்தகத்தில் நெருங்கி வரும் ஷேடு எண்ணையும் எழுதுங்கள். வேன் ஸ்டிக்கர் வெட்டுபவருக்கு மை எண்ணால் பயனில்லை. தட்டச்சு செய்யும் எழுத்தாக இருந்த மூலக் கோப்பை உங்களிடம் தனியாக வையுங்கள்.

பணமும் காகிதமும்

'சும்மா பேரு எழுதுனா போதும்ங்க' என்றுதான் பேச்சு தொடங்கும். விலையை அந்த வாக்கியத்திலிருந்து கணக்கிட்டால் இரண்டு வருடத்தில் கடையை மூடுவீர்கள். மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்றால் வருடத்துக்கு 4,80,000. அலைச்சல், கொட்டேஷன், வசூல் போக உண்மையில் வரையும் நாள் 120 தேறும். ஒரு நாளுக்கு 4,000 ரூபாய். இருமொழி லோகோ ஒழுங்காகச் செய்ய எட்டு நாள், ஆகவே 32,000. சின்னக் கடைக்கு அது தாங்காது என்றால் வேலையைக் குறையுங்கள்: ஒரு யோசனை, ஒரு திருத்தம், நான்கு நாள். நாள் கூலியைக் குறைக்காதீர்கள். பாதி முன்பணம், வடிவம் ஒப்புக்கொண்டதும் 30 சதவீதம், கோப்பு கையில் போகுமுன் மீதி. திருத்தம் இரண்டு முறை என்று எழுதுங்கள். மூன்றாவதற்குத் தொகையும் எழுதுங்கள்.

உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வளைகுடாவுக்கு எண்ணெய் அனுப்பும் வாடிக்கையாளருக்கு இது முக்கியம். முழுத் தொகை வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வணிகக் குறிப் பதிவை வழக்கறிஞரிடம் விடுங்கள். ஆனால் வரையத் தொடங்குமுன் பதிவகத்தின் இணையத் தேடலில் பெயரை ஒலி வாரியாகத் தேடுவது உங்கள் வேலை. பொருளைப் பொறுத்துப் பதிவு வகுப்பு மாறும்: சமையல் எண்ணெய் வகுப்பு 29, கூந்தல் எண்ணெய் 3, வெல்லம் 30, பச்சைத் தேங்காயும் மாம்பழமும் 31. ஒரே தோப்புக்காரருக்கு நான்கு வகுப்பு தேவைப்படலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். தமிழ், மலையாள எழுத்தில் இருக்கும் குறிக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுக்க வேண்டும். அதை லோகோ கோப்போடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞருக்கே நீங்கள் வேண்டியவராகிவிடுவீர்கள். அடுத்த வேலை அவர் வழியாகவும் வரும்.

மாநிலம் தாண்டி பில் போட்டாலே ஜிஎஸ்டி எடுக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். சேவைக்கு அப்படி இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2017 அக்டோபர் அறிவிப்பின்படி விலக்கு உண்டு. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், எடுத்துவிடுங்கள். அப்படிப் பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

லோகோ ஒரு முறைதான் விற்கும். அதற்குப் பிறகான வருமானம் பருவத்தில் இருக்கிறது. முதலமடை மாங்காய் ஜனவரியிலேயே சந்தைக்கு வரத் தொடங்கும், ஆகவே பெட்டி வேலையை நவம்பரில் பேசுங்கள். ஓணம் பரிசுப் பெட்டிக்கு ஜூன், பொங்கலுக்கு அக்டோபர், விஷுவுக்கு பிப்ரவரி. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் ஒரு கோப்புறை வைத்து, எந்த அச்சகம், எந்தப் பிளேட், எந்த ஷேடு எண், கடைசியாக எத்தனை அடித்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அச்சகக்காரர் பிளேட்டைத் தொலைத்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். அப்போது ஐந்து நிமிடத்தில் கோப்பை அனுப்புங்கள். திங்கட்கிழமை அதற்கும் பில் அனுப்புங்கள்.