ஏழு வரை எண்ணிவிட்டு விலை பேசுங்கள்

பழைய அமெரிக்க பேக்கார்ட் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். நான் நேராக டிக்கி பக்கம் போவேன். 1955, 56 மாடல்களுக்கு உயிர்நாடி வண்டிக்கு அடியில்தான்.

முதலில் மாடலைச் சரிபாருங்கள். 1955-இல் வந்த டார்ஷன் லெவல் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கேறும் கம்பிகளில் வண்டி நிற்கும் ஏற்பாடு) பேட்ரிஷியன், ஃபோர் ஹண்ட்ரட், கரிபியன் மூன்று மாடல்களிலும் உண்டு. விலை குறைந்த கிளிப்பர்கள் சிலவற்றில் சாதாரண ஸ்பிரிங்தான். 1957, 58-இல் பேக்கார்ட் என்று வந்தவை பெயர் மாற்றிய ஸ்டூடிபேக்கர் கார்கள். அவற்றில் இதைத் தேடாதீர்கள்.

சரி, இப்போது குனிந்து பாருங்கள். இரு பக்கமும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு நீளக் கம்பி ஓடும். வில்லியம் ஆலிசன் என்ற பொறியாளரின் யோசனை இது. முன்சக்கரம் மேட்டில் ஏறியதும் கம்பி முறுக்கேறி, மறுமுனையில் பின்சக்கரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கமும் கூடவே எழும்புவதால் வண்டி மூக்கைத் தூக்காது. தண்டவாளம் கடக்கும்போது படகில் போவது போல இருக்கும்.

அடுத்து, பளு ஏறினால் சமன் செய்யும் மோட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். கொஞ்சம் கனமான இரண்டு பேரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். வால் தாழும். ஏழு வரை எண்ணுங்கள். மோட்டார் முனகி, வால் மெல்ல எழ வேண்டும். இருவரும் இறங்கியபின் மறுபடி எண்ணினால், பழைய மட்டத்துக்கு இறங்க வேண்டும். சாலைக் குழி ஒவ்வொன்றுக்கும் மோட்டார் ஓடக்கூடாது என்றுதான் இந்தத் தாமதத்தை வைத்தார்கள்.

நான் இதைச் செய்யாமல் வாங்கியவன். வண்டி மட்டமாக நின்றது, பெயிண்ட் மின்னியது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பின்சீட்டில் மாமனார், மாமியார், டிக்கியில் நான்கு அரிசி மூட்டை. வால் தரையைத் தொடாத குறை. ஏழு என்ன, எழுநூறு எண்ணியும் எழவில்லை. அப்புறம் பார்த்தால், மோட்டாருக்குப் போகும் வயரை யாரோ வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். “விமானம் மாதிரி இருக்கு மாப்பிள்ளை, மேலே பார்த்துட்டே போறோம்” என்றார் மாமனார்.

ஜாக்கி வைக்கும் முன் அந்தச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வண்டி சாய்ந்துவிட்டதாக நினைத்து மோட்டார் சுற்றத் தொடங்கும். கம்பிகளை மட்டும் நீங்களே கழற்ற முயலாதீர்கள். காரின் மொத்த எடையும் அந்த முறுக்கில்தான் நிற்கிறது, தவறினால் கை போய்விடும்.

பேட்டரி 12 வோல்ட்தான், ஆனால் இப்போதைய கார்களைப் போல நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது இதை மறந்தால் புகை வரும்.

கடைசியாக எஞ்சின். பெரிய வி8, சூடானதும் ‘டிக் டிக்’ என்று தட்டினால் பயப்பட வேண்டாம். வைப்பருக்கான வெற்றிட பம்பை ஆயில் பம்போடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது தேய்ந்தால் ஆயிலில் காற்று கலந்து, வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் தட்டும். பலர் அந்த வெற்றிட பம்பை நீக்கிவிட்டு எலக்ட்ரிக் வைப்பர் போட்டுக்கொள்கிறார்கள். இந்தச் சத்தத்துக்காக நான் வண்டியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விலையைத்தான் குறைக்கச் சொல்வேன்.