"ரிப்போர்ட் அனுப்பிட்டேன் டாக்டர்": போன வழியில் தொலைந்துபோவது என்னென்ன?

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். அம்மா நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றார். பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன். "பழைய ஈசிஜி இருந்தா குடுங்க சார், ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றார். இருந்தது. என் போனிலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அண்ணன் மகள் பிறந்தநாள் படங்களுக்கும் காலை வணக்கப் பூக்களுக்கும் நடுவே இருபது நிமிடம் துழாவினேன். கிடைத்தது. ஆனால் அது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். பெரிதாக்கினால் கட்டமெல்லாம் கரைந்து வெறும் இளஞ்சிவப்புப் படலமாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பார்த்த சோதனைகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. ஆனால் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்த விதம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு மருத்துவ ஃபைலை நானே பார்த்துக்கொள்கிறேன். அதில் நான் செய்த தவறுகளும், மற்ற வீடுகளில் பார்த்த தவறுகளும்தான் இவை.

ஈசிஜியிலிருந்தே தொடங்குவோம். அந்தத் தாள் பொதுவாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சின்னக் கட்டம் என்பது 0.04 நொடி. டாக்டர் கோட்டின் வளைவை மட்டும் பார்ப்பதில்லை, கட்டங்களையும் எண்ணுகிறார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவைக் குறைத்துத்தான் அது கொண்டுபோய்ச் சேர்க்கும், முதலில் பலியாவது அந்த மெல்லிய கட்டங்கள்தான். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே போகும். தாளை மேசையில் விரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய எடுங்கள். மடியில் வைத்து எடுத்தால் கட்டமும் வளையும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈசிஜி தாள் பெரும்பாலும் பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாகும் தாள். நாளாக ஆக மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், மெஷின் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். எங்கள் சித்தப்பா அப்படி ஒன்றை வைத்திருக்கிறார், இப்போது பார்த்தால் கார்பன் பேப்பர்.

சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்புகிறோம். ஃபிலிம் என்பதே அசலிலிருந்து பொறுக்கி எடுத்து அச்சிட்ட சில படங்கள்தான். அசல் டைகாம் என்ற வடிவத்தில் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு சிடி ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் வரும். அதை டாக்டர் திரையில் திறந்தால் ஒரே ஸ்கேனை நுரையீரலுக்கு ஒரு வெளிச்சத்திலும் எலும்புக்கு வேறு வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஃபிலிமில் அது முடியாது. ஃபிலிமின் போட்டோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஸ்கேன் சென்டரை விட்டுக் கிளம்பும் முன்பே சிடி, பென் டிரைவ், லிங்க் இவற்றில் எது தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சிடி கொடுத்தால் அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், இப்போது வரும் லேப்டாப்பில் சிடி போடவே இடம் இல்லை. ஏற்றும்போது உள்ளே இருப்பதில் ஒரு படத்தை மட்டும் உருவாமல் முழு ஃபோல்டரையும் எடுங்கள். லிங்க் கொடுத்தால் அன்றே இறக்கி வையுங்கள், பல லிங்குகள் சில நாட்களில் செத்துப்போகும். "ரிப்போர்ட்தான் இருக்கே, படம் எதுக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. கத்தி எடுக்கப் போகிற டாக்டர் தன் கண்ணால் படத்தைப் பார்க்கத்தான் விரும்புவார்.

ரத்தப் பரிசோதனையில் சிக்கல் வேறு மாதிரி. "சுகர் ஏழு" என்று ஒரு செய்தி வருகிறது. எது ஏழு? மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ஏழு சதவீதமா? இல்லை, அந்த நேரத்து ரத்த சர்க்கரையா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரத்த சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்தான் சொல்வார்கள், அந்த ஏழு, டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற நம் கணக்கில் 126. அங்கே மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெரியவர்களிடம் இந்தக் குழப்பம் சகஜம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினினும் இதேபோல்தான்: இங்கே 1.2 என்பது அங்கே 106. எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்பாமல் அலகு, லேப் கொடுத்த இயல்பு அளவு, பெயரும் தேதியும் உள்ள மேல்பகுதி எல்லாம் சேர்ந்த முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். நாம் 'முக்கியமான இடம்' என்று வெட்டி அனுப்புவதில் டாக்டருக்கு முக்கியமானது வெளியே நின்றுவிடும்.

பெயர் விஷயம் நமக்கென்றே வாய்த்த தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் 'ராமசாமி முத்தையா', ஆஸ்பத்திரி ஓபி சீட்டில் 'எம். ராமசாமி', லேபில் 'மிஸ்டர் ராம்சாமி, 60 வயசு'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு அவர்கள் மூன்று பேர். அடுத்த தடவை கவுண்டரில் இருப்பவர் புதிதாக ஒரு பதிவு போடுவார், பழைய ரிப்போர்ட் எல்லாம் வேறொரு எண்ணில் கிடக்கும். வீட்டில் எல்லோரும் எங்கே போனாலும் ஆதாரில் உள்ள எழுத்துகளிலேயே பெயரையும் முழுப் பிறந்த தேதியையும் சொல்லப் பழகுங்கள். வயதை மட்டும் சொன்னால் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரே வருஷத்தில் ஆளுக்கு ஆளும் மாறும்.

போன் நம்பரிலும் கவனம் வேண்டும். அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். மூன்று பேர் ரிப்போர்ட்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்ததில், அத்தையின் தைராய்டு ரிப்போர்ட்டை அம்மாவின் டாக்டருக்கு அனுப்பிய புண்ணியமும் எனக்கு உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது போய்விடும். மருத்துவமனையில் பழைய நம்பரை மாற்றாவிட்டால் உங்கள் ரிப்போர்ட் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும்.

இனி 'ஆபா' எண். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது, அதில் கிடைப்பதுதான் இந்த 14 இலக்க எண். இது வந்துவிட்டால் நம் ரிப்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரிப்போர்ட் அந்தந்த மருத்துவமனையிலும் லேபிலுமேதான் இருக்கும், ஆபா அவற்றைக் கோக்கும் நூல் மாதிரி. அந்த இடம் இத்திட்டத்தில் சேர்ந்து உங்கள் எண்ணோடு இணைத்தால்தான் ஆப்பில் தெரியும். இன்னொரு டாக்டர் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான பதிவுகள், எவ்வளவு காலத்துக்கு என்றெல்லாம் அந்தச் சம்மதத்தில் இருக்கும், பிறகு திரும்பப் பெறவும் முடியும். நாம் அதைப் படிப்பதே இல்லை, கவுண்டரில் கேட்டால் ஓடிபியைச் சத்தமாகச் சொல்கிறோம். வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி. ஆபா இல்லையென்றால் சிகிச்சை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது விருப்பத்தின்பேரில் எடுப்பதுதான்.

குடும்ப குரூப்பில் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே தூக்கி நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் போடுகிறோம், படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதில் கல்யாணமாகாத பெண்ணின் கர்ப்பப்பைப் பிரச்சினை இருக்கலாம், மனநல மாத்திரை இருக்கலாம். ஒருவர் நம்பிச் சொன்ன எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ல் வந்த சட்டமே தடை செய்கிறது. சொந்தக்காரர்களுக்குச் செய்தி வேண்டும், கோப்பு வேண்டாம். "அப்பா நல்லா இருக்கார், ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்று எழுதினால் போதாதா? ரத்தம் கேட்டும் பண உதவி கேட்டும் போடும் பதிவுகளில் ஆதார் எண்ணோடு ஓபி சீட்டு சுற்றுவதும் இந்த வகைதான்.

மாத்திரைப் பட்டியலில் ஒரே விதி: பழையது இருக்கக் கூடாது. நிறுத்தச் சொன்ன மாத்திரையின் சீட்டு கேலரியில் இருந்தால், அவசரத்தில் அதுதான் முதலில் அகப்படும். இப்போது சாப்பிடுவது என்ன, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரே பக்கம், தலையில் தேதி. மாற்றம் வந்தால் அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுதுங்கள்.

மருத்துவமனையில் படுத்திருந்த பதிவுகளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடவும் வேண்டாம். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி. மூன்று ஆண்டுக்குப் பிறகு போய்க் கேட்டால் அவர்கள் கைவிரித்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லாமே போனில் இருந்தாலும் சரிவராது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் சர்வர்கள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டபோது அவ்வளவு பெரிய இடமே பல நாள் பேனாவும் பேப்பருமாக ஓட்டியது. என் போன் சார்ஜ் தீர்வதற்கு யார் தாக்க வேண்டும்? இப்போது அம்மாவின் பர்ஸில், ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னால், அந்த மாத்திரைப் பக்கத்தின் ஒரு அச்சுப்பிரதி மடித்து இருக்கிறது. போனில் கோப்புகளின் பெயர் வருடம், மாதம், நாள், ஆள், சோதனை என்ற வரிசையில்: '2024-03-08 அம்மா ஈசிஜி'. போன மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் எடுத்து நீட்டினேன். அவர் முதலில் பார்த்தது கட்டங்களைத்தான்.